கையெழுத்து போட்டால் கேள்வி கேட்கக் கூடாதா?

அந்த நேரலையைப் பெரும்பாலானோர் பார்த்திருப்பீர்கள், பார்க்காதவர்களுக்கும் இதற்குள் துண்டு துண்டாக வந்து சேர்ந்திருக்கும். அதனால் முழுக்கதையையும் திரும்பச் சொல்லப் போவதில்லை. கருத்தடைக்காகக் கருப்பைக்குள் வைத்த காப்பர் டி கருப்பையைத் துளைத்து வயிற்றுக்குள் போய், அறுவை சிகிச்சை செய்து எடுத்த பிறகு, "கேஸ் போடலாமா என்று யோசிக்கிறேன்" என்று அந்தப் பெண் தயங்கித் தயங்கிச் சொன்னதும், எதிரில் இருந்த மருத்துவர் கேட்டாரே, "கையெழுத்து போட்டுத்தானேம்மா வெச்சுக்கிட்டீங்க?" என்று, அதை என்னால் விழுங்க முடியவில்லை. அதைவிட, அதற்குக் கீழே வரிசையாக வந்து விழுந்த கைதட்டல்களை. கைதட்டியவர்களில் நான் மதிக்கிறவர்கள் இருக்கிறார்கள். என் வீட்டுக்கு வந்து போகிறவர்களும் இருக்கிறார்கள்.

அந்த மருத்துவரின் பெயரை யாரும் இங்கே போட வேண்டாம், போட்டால் நீக்கிவிடுவேன். என் சண்டை அவரோடு இல்லை, அந்தக் கேள்வியோடுதான்.

ஒப்புதல் படிவத்தில் என்ன இருக்கிறது? இன்னின்ன சிக்கல் வரலாம் என்று சொன்னார்கள், புரிந்தது, ஏற்கிறேன் என்று இருக்கிறது. அந்தக் கையெழுத்து அவ்வளவுக்குத்தான். கவனக்குறைவாகச் செருகினால் அதற்கு அது ஒப்புதல் ஆகாது. வலிக்கிறது என்று திரும்பி வந்தவளைச் சரியாகப் பார்க்காமல் அனுப்பினால் அதற்கும் ஆகாது. கம்பெனிக்குத் தெரிந்திருந்த ஒரு குறையை அவளிடமும் அவளுடைய மருத்துவரிடமும் சேர்த்தே மறைத்திருந்தால் அதற்கு ஆகவே ஆகாது. இதில் எது நடந்தது, எதுவுமே நடக்கவில்லையா என்று பார்த்துச் சொல்லத்தான் வழக்கு என்ற ஒன்று இருக்கிறது. பார்ப்பதற்கு முன்பே "நீதானே கையெழுத்து போட்டாய்" என்று வாயை அடைப்பது அநியாயம்.

கருவி கருப்பையைத் துளைப்பது அரிது என்பது எனக்கும் தெரியும். ஐரோப்பாவில் 60,000-க்கும் மேற்பட்ட பெண்களைப் பின்தொடர்ந்து 2015-ல் வெளியான பெரிய ஆய்வில், 1,000 பேருக்கு வைத்தால் ஒருவர் அல்லது சற்றுக் கூடுதலானவருக்கு இது நடக்கிறது என்று கண்டார்கள். எவ்வளவு கைதேர்ந்தவர் வைத்தாலும் நடக்கலாம், யார் மேலும் தப்பில்லாமலும் நடக்கலாம். ஏற்கிறேன். ஆனால் அதே ஆய்வு இன்னொன்றும் சொன்னது. தாய்ப்பால் கொடுத்துக்கொண்டிருக்கும் காலத்தில் வைத்தால் இந்த ஆபத்து சுமார் ஆறு மடங்கு. அப்போதும் அது சின்ன எண்தான், அதற்காகப் பால் கொடுக்கும் பெண்களுக்கு வைக்கவே கூடாது என்று யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் அவளிடம் சொன்னார்களா? வைத்த பிறகு இன்னும் கொஞ்சம் கவனமாகப் பார்த்தார்களா? படிவத்தில் "துளைபடலாம்" என்று பொடி எழுத்தில் இருந்தது போதும் என்கிறீர்களா?

என் அக்காவின் கதையை இதுவரை எங்கும் எழுதியதில்லை. அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். இரண்டாவது பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தபோது அவளுக்குக் காப்பர் டி வைத்தார்கள். வைத்த அன்றே நல்ல வலி. "கொஞ்சம் இருக்கும், போகப் போகச் சரியாகிவிடும்" என்றார்கள். போகவில்லை. கருவியிலிருந்து தொங்கும் நூல் கைக்குத் தட்டுப்படவில்லை என்று போய்ச் சொன்னாள். "உள்ளே சுருண்டிருக்கும்" என்றார்கள். அப்புறம் ஸ்கேன் எடுத்தார்கள், கருப்பைக்குள் கருவி இல்லை. உடனே முடிவு சொல்லிவிட்டார்கள்: "தானாக வெளியே விழுந்திருக்கும், நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள்." அவ்வளவுதான், வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வலியைச் சொன்னால், சின்னக் குழந்தையை வைத்துக்கொண்டு தூக்கம் இல்லை, அதனால் அப்படித் தோன்றும் என்றார்கள். அவளும் ஒரு கட்டத்தில் சொல்வதை நிறுத்திவிட்டாள். பல மாதம் கழித்து வேறொரு இடத்தில் வேறொரு மருத்துவர் வயிற்றுக்கு ஒரு எக்ஸ்ரே எழுதிக்கொடுத்தார். படத்தில் பளிச்சென்று அந்த 'டி' எழுத்து தெரிந்தது. குடலைப் போர்த்தியிருக்கும் கொழுப்புத் திரையில் போய்ச் சிக்கியிருந்தது. லேப்ராஸ்கோபி, அதாவது சின்னத் துளை வழியாகச் செய்யும் அறுவை சிகிச்சை, செய்து எடுத்தார்கள்.

நூலைக் காணவில்லை, ஸ்கேனிலும் கருப்பை காலியாக இருக்கிறது என்றால், எக்ஸ்ரே எடுத்துப் பார்க்காமல் விழுந்துவிட்டது என்று முடிவு செய்யக் கூடாது. இது ஏதோ அபூர்வமான ஞானம் இல்லை, மருத்துவ மாணவர்களுக்கே சொல்லிக்கொடுக்கும் அடிப்படை. எக்ஸ்ரேயில் தெரிய வேண்டும் என்பதற்காகவே காப்பர் டியின் பிளாஸ்டிக்கில் பேரியம் கலந்து செய்கிறார்கள். இப்படி ஒன்று நடக்கக்கூடும் என்று யோசித்து ஒருவர் அதை அப்படி வடிவமைத்திருக்கிறார். அந்த ஒரு படத்தை எடுக்கச் சொல்லத்தான் ஆளில்லை. அக்கா கையெழுத்து போட்ட படிவத்தில் "நான் வலிக்கிறது என்று சொன்னால் நம்ப வேண்டாம்" என்று எழுதியிருந்ததா?

ஒரு வக்கீலைப் போய்ப் பார்த்தோம். நல்ல மனிதர், ஆசை காட்டவில்லை. துளைபட்டதை மட்டும் வைத்துக் கேஸ் நிற்காது, அது யாருக்கும் வரலாம் என்று எதிர்த்தரப்பு சொல்லும், அது உண்மையும்கூட என்றார். எக்ஸ்ரே எடுக்காமல் திருப்பி அனுப்பினார்களே, அதுதான் உங்கள் கேஸ் என்றார். கருவியில் குறை என்றால் கம்பெனி மேல், வைத்ததிலோ கவனிப்பிலோ குறை என்றால் மருத்துவமனை மேல், எச்சரிக்காமல் விட்டார்கள் என்றால் யார் எதை மறைத்தார்கள் என்பதைப் பொறுத்து என்று அவர் பிரித்துச் சொன்ன பிறகுதான் எங்களுக்கே விஷயம் பிடிபட்டது. அந்த நேரலையில் இந்த அளவு பொறுமையாக அந்தப் பெண்ணுக்கு யாராவது விளக்கியிருக்கலாம். அவள் கேட்டது அதைத்தான். "போடலாமா?" என்றுதான் கேட்டாள்.

அக்கா கடைசியில் கேஸ் போடவில்லை. கால வரம்பு தாண்டவில்லை, வக்கீலும் தயார். ஆனால் தன் மாதவிலக்கைப் பற்றி, படுக்கையறையைப் பற்றி, முன்பின் தெரியாத ஒருவர் நான்கு பேர் முன்னால் கேட்பதற்குத் தன்னால் பதில் சொல்ல முடியாது என்றாள். அது அவள் முடிவு, அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவள் பயந்ததும் வீண் பயம் இல்லை. டால்கன் ஷீல்டு வழக்குகளில் அதேதான் நடந்தது.

டால்கன் ஷீல்டு 1971-ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த கருத்தடைக் கருவி, ஏ.எச். ராபின்ஸ் என்ற கம்பெனி விற்றது. அதன் நூல் ஒற்றை இழை இல்லை, நூற்றுக்கணக்கான மெல்லிய இழைகளை ஒரு உறைக்குள் திணித்துச் செய்தது. விளக்குத்திரி எண்ணெயை இழுப்பதுபோல் அது கிருமிகளைக் கருப்பைக்குள் இழுத்தது. பெண்களுக்குக் கடும் தொற்று வந்தது, குழந்தை பெறும் வாய்ப்பே போனது, உயிரும் போனது. கருவியைக் கோத்துத் தயாரித்த ஆலையிலேயே தரக்கட்டுப்பாட்டில் இருந்த ஒருவர், நூலைச் சோதித்துப் பார்த்து ஈரம் உள்ளே ஏறுவதை ஆரம்பத்திலேயே மேலிடத்துக்குச் சொல்லியிருக்கிறார். கேட்கவில்லை. 1974-ல் அமெரிக்காவில் விற்பனையை நிறுத்தினார்கள். ஆனால் ஏற்கெனவே வைத்துக்கொண்ட பெண்களிடம் "எடுத்துவிடுங்கள், செலவை நாங்கள் தருகிறோம்" என்று கம்பெனி சொன்னது 1984-ல். பத்து வருஷம்! அதுவும் தானாக மனம் இரங்கிச் சொல்லவில்லை, ஆயிரக்கணக்கான வழக்குகள் கழுத்தைப் பிடித்த பிறகு சொன்னது. அந்த வழக்குகளில் கம்பெனியின் வக்கீல்கள் பெண்களிடம் எத்தனை பேரோடு உறவு, எப்படிக் கழுவிக்கொள்வாய் என்றெல்லாம் கேட்டார்கள். அந்த 1984-லேயே மைல்ஸ் லார்ட் என்ற நீதிபதி கம்பெனியின் மூன்று உயரதிகாரிகளை நேரில் வரவழைத்து, இதையெல்லாம் சொல்லித் திறந்த நீதிமன்றத்தில் கண்டித்தார். (அந்தக் கண்டனத்தை மேல்முறையீட்டில் பதிவிலிருந்து நீக்கிவிட்டார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன்.) அடுத்த வருஷம் கம்பெனி திவால் மனு கொடுத்தது. நஷ்ட ஈடு கேட்டு வந்த மனுக்கள் மூன்று லட்சத்துக்கும் மேல். நூலைப் பற்றிய உண்மை எப்படி வெளியே வந்தது? கம்பெனியின் உள்காகிதங்களைக் கொண்டுவா என்று நீதிமன்றம் சொல்ல முடிந்ததால். அந்தப் பெண்கள் எல்லாம் "நானும் சம்மதித்துத்தானே வைத்துக்கொண்டேன்" என்று வீட்டில் இருந்திருந்தால் அந்தக் காகிதங்கள் இன்னும் அலமாரியில்தான் இருந்திருக்கும்.

இன்னொன்று எனக்கு இப்போதும் ஆறவில்லை. மருத்துவக் கருவிகளைச் சோதித்து அனுமதி கொடுக்க வேண்டும் என்ற அமெரிக்கச் சட்டம் 1976-ல் வந்தது, அதற்கு டால்கன் ஷீல்டும் ஒரு முக்கியக் காரணம். அதே சட்டத்தைக் காட்டித்தான் பிற்காலத்தில், முழுச் சோதனை முடித்து முன்அனுமதி பெற்ற கருவி, அதனால் எங்கள் மேல் இப்படியெல்லாம் வழக்கு வராது என்று கம்பெனிகள் வாதிட்டன. 2008-ல், வேறொரு கருவி தொடர்பான ரீகல் எதிர் மெட்ரானிக் வழக்கில், அமெரிக்க உச்ச நீதிமன்றமே பெருமளவு அதை ஒப்புக்கொண்டது. பெண்களின் வலியால் பிறந்த சட்டம் பெண்களுக்கு எதிரே வந்து நின்றது. எஷ்யூர் போட்டுக்கொண்டவர்களுக்கு இதுதான் பெரிய தடையாக நின்றது. எஷ்யூர் என்பது நிரந்தரக் கருத்தடைக்காகக் கருக்குழாயில் வைக்கும் நிக்கல் கலந்த சுருள், 2002-ல் அனுமதி பெற்றது. வலி, ரத்தப்போக்கு, சுருள் இடம் மாறுவது, அதை எடுக்கக் கருப்பையையே எடுக்க வேண்டிய நிலை என்று பெண்கள் கூட்டம் கூட்டமாகச் சேர்ந்து பேசிய பிறகு, 2016-ல் கட்டம் கட்டிய எச்சரிக்கை போடவைத்தார்கள். 2018 கடைசியில் அதை விற்ற பேயர் கம்பெனி அமெரிக்காவில் விற்பனையை நிறுத்தியது, 2020-ல் சுமார் 39,000 வழக்குகளில் பெரும்பாலானவற்றை முடித்துக்கொள்ள 160 கோடி டாலர் தருவதாகச் சொன்னது, தப்பு எதையும் ஒப்புக்கொள்ளாமல். அந்தப் பெண்கள் எல்லோருமே ஏதோ ஒரு படிவத்தில் கையெழுத்து போட்டவர்கள்தான்.

"நீ ஜெயித்த கதையை மட்டும் சொல்கிறாய்" என்பீர்கள். இல்லை. மிரேனா என்ற, ஹார்மோன் சுரக்கும் கருத்தடைக் கருவி கருப்பையைத் துளைத்த வழக்குகள் 2016-ல் நியூயார்க் நீதிமன்றத்தில் கூண்டோடு தள்ளுபடியாகின, நிபுணர் சாட்சியம் அறிவியலில் நிற்காது என்று. ஆஸ்திரேலியாவில் எஷ்யூர் கூட்டு வழக்கு 2024 டிசம்பரில் தோற்றது. வழக்கு வருஷக்கணக்கில் இழுக்கும், வக்கீல் பங்கு போக மிஞ்சுவது சொற்பமாகவும் இருக்கலாம். இதையெல்லாம் எடைபோட்டு "வேண்டாம்" என்று அவள் சொன்னால் சரி. அவள் சொல்ல வேண்டும், நீங்கள் இல்லை.

"இப்படி எழுதினால் பெண்கள் கருத்தடைக்கே பயப்படுவார்கள்" என்பதுதான் எனக்கு வந்த எதிர்ப்புகளில் நியாயமானது. அதில் உண்மை இருக்கிறது. டால்கன் ஷீல்டுக்குப் பிறகு அமெரிக்காவில் நல்ல கருவிகள்கூடச் சந்தையிலிருந்து விலகின, பெண்கள் ஒரு தலைமுறைக்கு அந்தப் பக்கமே போகவில்லை. காப்பர் டி நல்ல சாதனம். பத்து வருஷம் வரை வேலை செய்யும், நினைத்தபோது எடுத்துவிடலாம், தோற்பது நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. என் தோழிகளில் பலர் வைத்திருக்கிறார்கள், ஒரு தொந்தரவும் இல்லை. யாராவது கேட்டால் இன்றைக்கும் வைத்துக்கொள் என்றுதான் சொல்வேன். ஆனால் பயத்தை உண்டாக்கியது யார்? வழக்குப் போட்டவளா, நூலைப் பற்றித் தெரிந்தும் மூடி வைத்தவனா? சிக்கல் வந்தவளைச் சத்தம் போடாமல் இரு என்று அடக்கினால், பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு நம்பிக்கை வந்துவிடுமா?

"மருத்துவர்கள் இனி வைக்கவே பயப்படுவார்கள்" என்பதற்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. ஒரு எக்ஸ்ரே எழுதிக்கொடுக்க என்ன பயம்.

அப்புறம், அவள் கேஸ் போட நினைப்பது "பணத்துக்காக" என்று நேரலைக்குக் கீழே ஒருவர் எழுதிய அந்தச் சொல். அதை எழுதியவர் எனக்குத் தெரிந்தவர், அவர் வண்டியில் ஒருவர் இடித்ததற்கு நஷ்ட ஈடு வாங்காமல் விடவில்லை. தகரத்துக்கு நஷ்ட ஈடு கேட்டால் உரிமை, கருப்பைக்குக் கேட்டால் பேராசையா? அறுவை சிகிச்சைச் செலவு யார் தந்தது? வேலைக்குப் போகாத நாட்களுக்குச் சம்பளம் யார் தந்தது? கைக்குழந்தையைத் தூக்க முடியாமல் கிடந்தாளே அக்கா, அதற்கு எதைக் கொடுத்து ஈடு செய்வது?

இரண்டு பேருக்குப் பிள்ளை வேண்டாம். கருவி ஒருத்தியின் உடம்பில். வலி அவளுக்கு, நூல் இருக்கிறதா என்று பார்க்கும் பொறுப்பு அவளுக்கு, ஏதாவது ஆனால் "கவனித்திருக்க மாட்டாய்" என்ற பழியும் அவளுக்கு. இவ்வளவையும் தாங்கிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள், அதற்கு ஒரு கூட்டமே கைதட்டி உட்காரவைத்தீர்கள். அத்தான் அந்த எக்ஸ்ரேயைப் பார்த்து அழுதார். உங்களில் ஒருவருக்காவது அந்த மனிதருக்கு வந்த பதற்றம் வந்ததா?

நேரலையில் பேசிய அந்தப் பெண் இதைப் படிக்கிறாரா தெரியாது. படித்தால்: கேஸ் போடுவதும் போடாததும் உங்கள் இஷ்டம், அதை இப்போதே முடிவு செய்ய வேண்டியதில்லை. ஆனால் காகிதங்களை இப்போதே வாங்கிவிடுங்கள். வைத்த அன்றைய குறிப்பு, கருவியின் பெட்டியில் இருந்த தொகுப்பு எண், ஒவ்வொரு முறை போனபோதும் எழுதிய சீட்டு, ஸ்கேன், அறுவை சிகிச்சை அறிக்கை, எல்லாவற்றின் நகலும். எடுத்த கருவி இன்னும் அவர்களிடம் இருந்தால் அழிக்க வேண்டாம் என்று எழுத்தில் கேளுங்கள். கால வரம்பு எந்த நாளிலிருந்து ஓடுகிறது என்பதை வக்கீலிடம் முதலில் கேளுங்கள். வைத்த நாளா, தெரியவந்த நாளா என்பது இடத்துக்கு இடம் மாறும். நகல் கேட்டு அக்காவுக்காக நாங்கள் எழுதிய கடிதம் என்னிடம் இருக்கிறது. உங்களுக்கோ வேறு யாருக்கோ வேண்டுமென்றால் உள்பெட்டிக்கு வாருங்கள், பெயரை மாற்றி அனுப்புகிறேன்.