இரண்டு பொட்டலத்துக்கு மூன்று வருடம்

அக்கா மகனின் கஞ்சா வழக்கு போன வாரம் ஒருவழியாக முடிந்தது. 5,000 ரூபாய் அபராதம். கட்டிவிட்டுப் பாம்பன் பஸ்ஸில் உட்கார்ந்ததும் அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். மூன்று வருடத்துக்கு முன்பு அவன் சட்டைப்பையில் இருந்தது இரண்டு பொட்டலம்.

அந்த 5,000 அரசுக்கு வரவு. செலவை நான் கூடவே நின்று பார்த்தேன். பிடித்து எழுத இரண்டு போலீஸ். பொட்டலத்தைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பி அறிக்கை வாங்க வேண்டும். பதினைந்து நாள் ரிமாண்டில் சாப்பாடு, காவல். அப்புறம் வாய்தா. நான் போனது மட்டும் பதினொன்று. பாதி நாள் சாட்சி சொல்ல வேண்டிய காவலருக்குப் பந்தோபஸ்து டூட்டி, அதனால் அடுத்த தேதி. நீதிபதி, அரசு வக்கீல், எழுத்தர் எல்லாருக்கும் அன்றைக்குச் சம்பளம் உண்டுதானே?

எங்கள் பக்கச் செலவு எந்த பட்ஜெட்டிலும் வராது. அவன் மீன்பிடிக்கப் போகும் விசைப்படகு வாரத்தில் மூன்று நாள்தான் கடலுக்குப் போகும். வாய்தா அந்த நாளில் விழுந்தால் பங்கு போச்சு. ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் வக்கீல் ஃபீஸுக்கு அக்கா வளையலை அடகு வைத்தாள். சவூதி வேலைக்கு ஆள் எடுத்தபோது, வழக்கு இருப்பதால் பாஸ்போர்ட் கிடைக்கவில்லை. அவன் அனுப்பியிருக்க வேண்டிய பணம் இந்த ஊர்க் கடைகளில்தான் புழங்கியிருக்கும்.

சொந்த உபயோகத்துக்கு வைத்திருப்பதைக் குற்றமாக்காமல் விட்டால் அரசுக்குக் காசு மிச்சம் என்பவர்களோடு எனக்குப் பாதி உடன்பாடுதான். சம்பளம் எப்படியும் கொடுத்தாக வேண்டும். மிச்சமாவது நேரம். எங்கள் கடற்கரையில் அந்த நேரத்துக்கு வேலை இருக்கிறது. இலங்கைக்குப் படகேற்ற மூட்டை மூட்டையாக வருகிறதே, அதைப் பிடிக்கட்டும். 20 கிலோவுக்கு மேல் கடத்தினால் குறைந்தது 10 வருடம் சிறை என்பதில் ஒரு நாள்கூடக் குறைக்கச் சொல்லவில்லை. டாஸ்மாக் போல வரி வரும் என்று கணக்குப் போடுபவர்களுக்கும் ஒன்று: தண்டனையை எடுப்பது வேறு, கடை திறப்பது வேறு. நான் கேட்பது முதலாவது மட்டும்.

போர்ச்சுகல் 2001 ஜூலையில் இதைச் செய்தது. பத்து நாள் தேவைக்குள் வைத்திருந்தால் கிரிமினல் வழக்கு கிடையாது, ஒரு குழு முன்னால் போய் உட்கார வேண்டும். முதல் ஐந்து வருடத்தில் போதையால் சமூகத்துக்கு ஆன செலவு சுமார் 12 சதவீதம் குறைந்தது என்று அந்நாட்டு ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். வழக்குச் செலவு குறைந்ததும், சிறைக்குப் போகாததால் இழக்காத வருமானமும் அதில் சேர்த்தி. எங்கள் வீட்டுக் கணக்கும் அதுதான்.

அமெரிக்காவின் ஓரிகான் மாகாணத்திலும் 2021இல் ஹெராயின் போன்றவற்றைச் சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்தால் 100 டாலர் அபராதத்தோடு விட்டார்கள். அங்கே ஏற்கெனவே சட்டப்படி விற்கும் கஞ்சாவின் வரியிலிருந்து சிகிச்சைக்கு ஒதுக்கிய பணம் மையங்களுக்குப் போய்ச் சேரவே தாமதமானது. தெருவில் போதை பெருகியது என்று மக்கள் கொதித்தார்கள். 2024 செப்டம்பரில் மறுபடியும் குற்றமாக்கிவிட்டார்கள். அதனால் சொல்கிறேன், கோர்ட்டில் மிச்சமாவதைச் சிகிச்சைக்குக் கொண்டுபோகாமல் சட்டத்தை மட்டும் தளர்த்தினால் இங்கேயும் அதே கதிதான். நம் நாட்டில் 1985 போதைப்பொருள் சட்டம் மத்திய நிதி அமைச்சகத்தின் வருவாய்த் துறையிடம்தான் இருக்கிறது. கையில் கஜானா சாவியையும் வைத்திருப்பவர்கள் அவர்கள்.

இன்னொன்று எனக்கு ஆறவே இல்லை. அதே சட்டத்தில் 64ஏ என்று ஒரு பிரிவு. சிறிய அளவோடு சிக்கிய போதை அடிமை, தானாக முன்வந்து அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை எடுத்துக்கொண்டால் வழக்கிலிருந்து விலக்கு உண்டு. கஞ்சாவில் 1 கிலோ வரை சிறிய அளவுதான். மூன்று வருடத்தில் பிடித்தவர், வாதாடியவர், ஒருத்தராவது அவனிடம் இதைச் சொல்லவில்லை. நானே வழக்கு முடியும் தறுவாயில்தான் படித்துத் தெரிந்துகொண்டேன்.

அவன் இன்னும் விடவில்லை. திங்கட்கிழமை ராமநாதபுரம் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போகிறேன். கடலுக்குப் போகிற நாள்தான். பங்கு போனால் போகட்டும் மாமா என்று அவனே சொல்லிவிட்டான்.