தானம் என்று முடியும் வரிகள்

மத்தியப் பிரதேசத்தின் சாஞ்சியில் பெரிய பௌத்தத் தூபியின் முன்னால் வழிகாட்டி அசோகரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். கலிங்கப் போர், மனமாற்றம், தூண் என்று எல்லாம் பள்ளியில் படித்ததுதான். என் கண் மட்டும் பக்கத்திலிருந்த கல்வேலியிலேயே நின்றுவிட்டது. ஒரு கல்லில் சாண் நீளத்துக்கு ஒரே ஒரு வரி. அதன் கடைசி எழுத்து, ஒரு கிடைக்கோட்டின் மேல் ஊன்றி நிற்கும் குத்துக்கோடு, அருகில் ஒரு புள்ளி. அது ‘நம்’. அதற்கு முன்னால் ‘தா’. தானம்! யாரும் பொருள் சொல்லித் தர வேண்டாத சொல். அடுத்த கல்லைப் பார்த்தேன், அங்கேயும் அதே முடிவு. அதற்கடுத்ததிலும் அதே.

அசோகர் காலத்து எழுத்தான பிராமியின் பூட்டு திறந்ததே இந்த இரண்டு எழுத்துகளால்தான். கல்கத்தா நாணயச் சாலையில் வேலை பார்த்த ஜேம்ஸ் பிரின்செப், 1837இல் சாஞ்சியிலிருந்து வந்த கல்வெட்டு நகல்களைப் பார்த்தபோது சின்னச் சின்ன வரிகள் எல்லாம் ஒரே மாதிரி முடிவதைக் கவனித்தார். கோயிலுக்கு ஆளாளுக்குப் பொருள் கொடுத்துப் பெயர் பொறிக்கும் வழக்கம் அவருக்குத் தெரியும். அப்படியானால் இது ‘தானம்’ ஆகத்தான் இருக்க வேண்டும் என்று பிடித்தார். அங்கிருந்து மற்ற எழுத்துகள், அப்புறம் அசோகரின் கல்வெட்டுகள். பேரரசரின் குரலை நாம் கேட்க முடிந்ததற்குக் காரணம், ஊர்க்காரர்கள் தங்கள் பெயரை வெட்டி வைத்திருந்ததுதான். இது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

பண்டைய இந்திய நாகரிகம் என்று பேச்சு எடுத்தால் நாம் அரசர்களையும் முனிவர்களையும் நூல்களையும் சொல்லி நிறுத்திக்கொள்கிறோம். பாடப்புத்தகமும் அப்படித்தான். சாஞ்சியில் 800க்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை சாதாரண மனிதர்களின் கொடைகள். நெசவாளர் இருக்கிறார், வணிகர் இருக்கிறார், தச்சர் இருக்கிறார், அரசாங்க எழுத்தர் ஒருவரும் இருக்கிறார். உஜ்ஜயினியிலிருந்து மட்டும் எத்தனையோ பேர். பெண்கள் தனியாக, தங்கள் பெயரிலேயே கொடுத்திருக்கிறார்கள். இன்னாரின் தாய், இன்னாரின் மருமகள் என்று சிலர். பிக்குணிகளும் கொடுத்திருக்கிறார்கள். துறந்துவிட்ட பெண்ணிடம் கொடுக்க என்ன இருந்தது, அது அவளுக்கு எப்படி வந்தது என்று நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

வேலியின் அமைப்பையே பாருங்கள். நிற்கும் தூண்களில் துளை போட்டு, குறுக்குக் கட்டைகளைச் செருகி, மேலே ஒரு நீளக் கல்லைக் கவிழ்த்திருக்கிறார்கள். மரவேலை தெரிந்தவர்களுக்கு உடனே புரியும். தச்சர்கள் மரத்தில் செய்துவந்த வேலியைக் கல்லில் செய்திருக்கிறார்கள். அந்தக் குறுக்குக் கட்டைக்கு அவர்கள் வைத்த பெயர் ‘சூசி’, அதாவது ஊசி. ஒருவர் ஒரு தூண், இன்னொருவர் ஒரு சூசி என்று கொடுத்துத்தான் முழு வேலியும் எழுந்திருக்கிறது.

தெற்கு வாயிலில் இன்னொரு வரி. ‘வேதிசகேஹி தந்தகாரேஹி ரூபகம்மம் கதம்’. பக்கத்து ஊரான விதிஷாவின் தந்த வேலைக்காரர்கள் இந்தச் சிற்ப வேலையைச் செய்தார்கள். யானைத் தந்தத்தில் செதுக்கிப் பழகிய கைகள்! இதைத் தெரிந்துகொண்டு மறுபடி அந்த வாயிலைப் பார்த்தால், ஒரு கை அகலப் பட்டையில் ஒரு ஊரே எப்படி நெரிசலாக நிற்கிறது என்பது புரிகிறது. கல்லை வெட்டிய ஒரு குழு தன் தொழிலையும் ஊரையும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறது, ஏறக்குறைய 2000 ஆண்டுகளுக்கு முன்பே.

இது பௌத்தர்களுடையதா, இந்துக்களுடையதா என்று இங்கே முகநூலில் மாதம் ஒரு சண்டை நடக்கிறது. சாஞ்சியிலிருந்து சுமார் 10 கிலோமீட்டர் தள்ளி, அதே விதிஷாவின் பெஸ்நகரில் ஒரு தூண் நிற்கிறது. தட்சசீலத்திலிருந்து தூதராக வந்த ஹீலியோடோரஸ் என்ற கிரேக்கர், கி.மு. 2ஆம் நூற்றாண்டின் இறுதிவாக்கில் வாசுதேவனுக்காக நிறுத்திய கருடத் தூண் அது. தன்னைப் பாகவதன், அதாவது வாசுதேவனின் பக்தன், என்றே அதில் சொல்லிக்கொள்கிறார். ஒரே வட்டாரத்தில் ஒரு பக்கம் தூபி வளர்ந்துகொண்டிருக்கிறது, இன்னொரு பக்கம் வாசுதேவனுக்குக் கொடித்தூண் நிற்கிறது. சாஞ்சி வாயில்களிலேயே தாமரையில் வீற்றிருக்கும் பெண்ணை இரண்டு யானைகள் நீராட்டுகின்றன. அவள் புத்தரின் தாய் மாயாதேவி என்று சொல்கிறவர்களும் உண்டு. நம் வீட்டு நிலைப்படியில் இருக்கும் கஜலட்சுமியைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்த உருவத்தை அறிமுகப்படுத்தவே தேவையில்லை. இதை ஒருவர் மட்டும் கூறு போட்டு எடுத்துக்கொள்ள முடியாது.

சரி, அது பொற்காலம், எல்லாரும் சமமாக வாழ்ந்தார்கள் என்று சொல்ல வருகிறேனா? கிடையாது. கல்லில் பெயர் இருப்பது கொடுக்க வசதி இருந்தவர்களுக்கு. பாறையை உடைத்து மலை மேல் இழுத்து வந்த கூலிக்காரர்களின் பெயர் அங்கே எனக்குக் கிடைக்கவில்லை. அடிமைகளையும் கடன்பட்டவர்களையும் சங்கத்தில் சேர்க்கக் கூடாது என்று பௌத்தத் துறவிகளின் ஒழுக்க நூலான விநயமே விதி வைத்திருந்தது. அந்தச் சமூகத்தை நேசிக்கிறவர்கள் இதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும். பெருமையை மட்டும் பொறுக்கி எடுத்துப் பகிர்கிறவர்கள் மீது எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு.

நம் பக்கத்திலும் இதே பழக்கம் இருந்திருக்கிறது. கரூர் அருகே புகளூர்ப் பாறையில், சமணத் துறவிகளுக்குப் படுக்கை வெட்டிக் கொடுத்த கருவூர் பொன்வாணிகன் நத்தியின் பெயர் தமிழ் பிராமியில் இருக்கிறது. மதுரை அழகர்மலையில் ஒரு உப்பு வணிகர். ஊர், தொழில், பெயர் என்று அதே வரிசை.

சாஞ்சியில் ஒரு சாபக் கல்வெட்டும் உண்டு. இந்தக் ‘காகணாவ’த்திலிருந்து, அதாவது சாஞ்சியிலிருந்து, கல்வேலையைப் பெயர்ப்பவரும், வேறு இடத்துக்குக் கொண்டுபோகிறவரும் கொடிய பாவம் செய்தவர்களின் கதியை அடைவார்கள் என்கிறது. ஆளுக்கொரு கல்லாகச் சேர்த்துக் கட்டியவர்களுக்கு ஒவ்வொரு கல்லின் மேலும் எவ்வளவு அக்கறை இருந்திருக்கும்! 19ஆம் நூற்றாண்டில் புதையல் தேடி வந்தவர்கள் தூபியையே குடைந்து சரித்துவிட்டுப் போனார்கள். 1912 முதல் 1919 வரை தொல்லியல் துறையின் ஜான் மார்ஷல் அதைத் திருத்திக் கட்டியதால்தான் நாம் இன்று அங்கே நிற்க முடிகிறது.

போபால் பக்கம் போகிறவர்கள் ஒரு காலைப் பொழுதை இதற்கு ஒதுக்குங்கள். வாயில்களைப் படம் எடுத்து முடித்ததும் வேலிக்கு அருகில் போய்க் குனிந்து பாருங்கள். வெயில் சாய்வாக விழும் நேரத்தில் எழுத்துகள் நன்றாகத் தெரியும். வரியின் கடைசியிலிருந்து தொடங்குங்கள், அங்கே நிற்கும் சொல் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும்.