கிரெடிட் வாங்கும் கம்பெனிகள்

தரமணியில் ஐஐடி மெட்ராஸ் ஆராய்ச்சிப் பூங்காவைப் பார்த்திருப்பீர்கள். 2010-ல் திறந்தது. ஒரு கல்வி நிறுவனம் தானே அமைத்த ஆராய்ச்சிப் பூங்கா இந்தியாவில் அதுதான் முதல். வெளியிலிருந்து பார்த்தால் ஓஎம்ஆர் சாலையின் இன்னொரு ஐடி கட்டிடம் மாதிரிதான் தெரியும். ஆனால் அங்கே இடம் பிடிக்கும் கம்பெனி வாடகை கட்டினால் மட்டும் போதாது, ஐஐடியோடு சேர்ந்து வேலை பார்த்து 'கிரெடிட்' என்ற புள்ளிகள் சேர்க்க வேண்டும். பேராசிரியரோடு ஓர் ஆராய்ச்சியில் இறங்கினால் கிரெடிட். மாணவர்களை வேலை பழக எடுத்துக்கொண்டால் கிரெடிட். தன் ஊழியரை அங்கே மேல்படிப்புக்கு அனுப்பினாலும் உண்டு.

என்னைக் கேட்டால் ஐஐடி மெட்ராஸின் ஆகப் பெரிய பலம் இந்த விதிதான். வருடா வருடம் தரவரிசையில் முதலிடம் என்று செய்தி வரும்போது இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

அப்படியொரு விதி இல்லாத இடத்தில் படித்தவன் நான். எங்கள் பொறியியல் கல்லூரியில் முதல்வர் அறைக்கு வெளியே சுவர் முழுக்கக் கம்பெனிகளோடு போட்ட புரிந்துணர்வு ஒப்பந்தப் படங்கள். பொன்னாடை, பூங்கொத்து, கோப்புகளை மாற்றிக்கொள்ளும் இரண்டு கைகள். நான்கு வருடத்தில் அந்தக் கம்பெனிகளில் ஒன்றின் வாசலைக்கூட நாங்கள் மிதித்ததில்லை. கடைசி வருடம் வகுப்பில் பாதிப் பேர் ப்ராஜெக்டைக் கடையில் காசு கொடுத்து வாங்கினார்கள்.

எனக்குத் தெர்மோடைனமிக்ஸ் புரிந்தது என்பிடெல் வீடியோவில்தான். ஐஐடிகளும் பெங்களூரு ஐஐஎஸ்சியும் சேர்ந்து 2003-ல் தொடங்கிய இணையவழிப் பாடத் திட்டம், ஒருங்கிணைப்பது ஐஐடி மெட்ராஸ். விடுதியில் ஒரே லேப்டாப், சுற்றி ஆறு பேர். புரியாத இடத்தில் ஒருவன் "நிறுத்துடா" என்பான். பின்னால் ஓட்டி அதே சமன்பாட்டை மூன்று தடவை கேட்போம். வகுப்பில் அப்படி நிறுத்திக் கேட்க எங்களுக்குத் தைரியம் வந்ததே இல்லை. 2020-ல் ஐஐடி மெட்ராஸ் ஆரம்பித்த டேட்டா சயின்ஸ் ஆன்லைன் பட்டப்படிப்புக்கு ஜேஇஇ நுழைவுத் தேர்வு கூட வேண்டாம், அவர்களே நடத்தும் தகுதிச் சுற்றில் தேறினால் சேரலாம்.

அப்புறம் ஒரு சக்கர நாற்காலி. ஐஐடி மெட்ராஸ் பேராசிரியர் சுஜாதா சீனிவாசனின் குழு வடிவமைத்தது, பெயர் அரைஸ். உட்கார்ந்திருப்பவர் யார் துணையும் இல்லாமல் அதிலேயே எழுந்து நிற்கலாம். வருடக்கணக்கில் உட்கார்ந்தே இருந்த ஒருவர் அடுக்களையின் மேல்தட்டு டப்பாவைத் தன் கையால் எடுப்பதை, எதிரில் நிற்பவரின் கண்ணைப் பார்த்துப் பேசுவதை யோசித்துப் பாருங்கள். ஆய்வுக் கட்டுரையோடு முடிந்திருந்தால் இது யாருக்கும் கிடைத்திருக்காது. சென்னையின் ஃபீனிக்ஸ் மெடிக்கல் சிஸ்டம்ஸ் தயாரிப்பில் கைகோத்ததால் 2019-ல் வெளியே வந்தது.

ஐஐடி மெட்ராஸ் வளாகத்தில் முளைத்ததுதான் ஏத்தர் மின்சார ஸ்கூட்டர். 2024 மே 30-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் விட்ட அக்னிகுல் கம்பெனியும் அப்படித்தான். அந்த ராக்கெட்டின் எஞ்சின் ஒரே துண்டாக 3டி பிரிண்டரில் அச்சிட்டது.

"அவர்களுக்கு மத்திய அரசுப் பணம் இருக்கிறது" என்பீர்கள். உண்மைதான். அத்தனை பணத்துக்கு நம் ஊர்க் கல்லூரிகள் எங்கே போகும்? ஆனால் ஒப்பந்தத்தில் 'வருடத்துக்கு இத்தனை மாணவர், இத்தனை நாள்' என்று ஒரு வரி சேர்க்கப் பணம் தேவையில்லை. கோவைக் கல்லூரிக்குப் பக்கத்திலேயே பம்ப் பட்டறை இருக்கிறது. திருப்பூரில் சாயக்கழிவுப் பிரச்சினை, கரூரில் பஸ் பாடி கட்டும் ஷெட்டுகள். எல்லாம் டவுன் பஸ் போகும் தூரம்.

சரி, என்னால் முடிந்தது இது. நான் வேலை பார்க்கும் அம்பத்தூர் பட்டறையில் ஒரு வால்வு ஸ்டெம் (வால்வின் தண்டு) ஆறு மாதமாக, சூடாக்கிப் பதப்படுத்தும் ஹீட் ட்ரீட்மென்ட் முடிந்ததும் வளைந்து வளைந்து வருகிறது. எங்களுக்குக் காரணம் பிடிபடவில்லை. மெட்டலர்ஜியோ மெக்கானிக்கலோ படிக்கும் இரண்டு பேர் இதையே ப்ராஜெக்டாக எடுக்கலாம். முதலாளியிடம் பேசிவிட்டேன், சம்மதம். பஸ் காசு கொடுப்போம், மதியச் சாப்பாடு எங்களோடு. உங்கள் துறைத் தலைவரிடம் இந்தப் பதிவைக் காட்டிவிட்டு இன்பாக்ஸில் வாருங்கள்.