எந்த எலி, என்ன வயசு, எந்த எலும்பு?

"பிரண்டை ஒடிஞ்ச எலும்பைக் கூட்டும்னு ஆராய்ச்சியிலயே நிரூபிச்சாச்சு." எங்க சொந்தக்காரங்க வாட்ஸ்அப் குழுவில் இது வராத வாரமில்லை. கீழே பொடி விற்பவரின் நம்பர். ஆராய்ச்சி நடந்தது உண்மைதான். பனாரஸ் இந்து பல்கலைக்கழகத்தில் கே.என்.உடுப்பாவும் கூட இருந்தவர்களும் 1960களிலேயே விலங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். அதைக் காட்டி 70 வயசு அமுச்சிகளிடம் காசு வாங்கும்போதுதான் எனக்குக் கோபம் வருகிறது.

வயசானவங்களுக்கு எலும்பு மெலிந்து லேசில் ஒடிவதுதான் எலும்புப்புரை. அதைச் சோதிக்கிற எலும்புப்புரை எலி எப்படி உருவாகிறது தெரியுங்களா? எலிக்கு நம்மைப் போல மாதவிடாய் நிற்பதெல்லாம் கிடையாது. அதனால் சினைப்பையை அறுத்து எடுக்கிறார்கள். சில மாதத்தில் எலும்பு மெலிந்துவிடும். பிறகு மயக்க மருந்து கொடுத்து, தொடை எலும்புக்குள் கம்பியைச் செருகி, மேலிருந்து எடையை விழவைத்து நடுவில் முறிக்கிறார்கள். சில வாரம் கழித்து எலியைக் கொன்று, கூடின எலும்பை எடுத்து, இரண்டு முனையிலும் தாங்கல் கொடுத்து அழுத்துகிறார்கள். எவ்வளவு பாரத்தில் ஒடிகிறதோ அதுதான் கணக்கு.

நம்ம பெரியவங்களுக்குத் தொடை நடுவிலா ஒடிகிறது? பாத்ரூமில் வழுக்கினால் இடுப்பு, கையை ஊன்றினால் மணிக்கட்டு, குனிந்து குடத்தைத் தூக்கினால் முதுகெலும்பு. எல்லாம் கடற்பஞ்சு மாதிரி எலும்பு நிறைந்த இடங்கள். அங்கே கூடும் விதமே வேறு. மூட்டுப் பக்கம் முறித்துப் பார்க்கும் ஆய்வுகளும் இருக்கின்றன, அவைதான் இன்னும் நிறைய வேண்டும்.

கெட்டி எலும்பு உள்ளுக்குள் அரித்துப் புதுப்பித்துக்கொள்ளும் வேலையும் எலிக்கு நம்மளவு நடக்காது. ஆட்டுக்கு நடக்கும். ஆனால் ஆட்டுக்குச் சினைப்பையை எடுப்பது மட்டும் போதாது. கால்சியம் குறைந்த தீவனம், அதோடு ஸ்டீராய்டு ஊசியும் சேர்க்கிறார்கள். அந்த ஸ்டீராய்டே எலும்பு கூடுவதை மந்தமாக்கும். அப்புறம் தாமதத்துக்கு எதைக் காரணம் சொல்வது?

நாமக்கல் பக்கம் பண்ணை வைத்திருப்பவர்களுக்கு, யாரும் அறுக்காமலே எலும்பு மெலியும் உயிர் ஒன்று தெரியும். ஒரு முட்டை ஓட்டுக்குச் சுமார் 2 கிராம் கால்சியம் வேண்டும். தீவனத்தில் குறைந்தால் கோழி தன் எலும்பிலிருந்து எடுத்துக் கொடுக்கும். கூண்டுக்குள் கால் மடங்கிச் சாய்ந்த கோழியைத் தூக்கினால் கையிலேயே ஒடியும். ஆனால் முட்டைக்கென்றே தனிச் சேமிப்பு அதன் எலும்புக்குள் உண்டு, மனுஷருக்கு அது இல்லை.

விலங்கு ஆய்வே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முறிந்த முதல் வாரம் உள்ளே என்ன நடக்கிறதென்று அமுச்சியின் எலும்பை வெட்டிப் பார்க்க முடியாது. எலும்புப்புரைக்குப் போடும் டெரிபாரடைடு ஊசியை எலிக்கு ஏறக்குறைய ஆயுள் முழுக்கப் போட்டபோது எலும்புப் புற்று வந்தது. 2002இல் அமெரிக்காவில் அனுமதி கொடுத்தபோது அதைக் கடும் எச்சரிக்கையாகவே அச்சிட்டார்கள். மனிதரிடம் அந்த ஆபத்து தென்படாததால் 2020இல்தான் எடுத்தார்கள். எலி காட்டிய பயத்தையே 18 வருஷம் மனிதரில் சரிபார்த்தார்கள். எலி காட்டும் ஆசையை மட்டும் ஏனுங்க ஒரே ஃபார்வர்டில் நம்புகிறோம்?

இடுப்பு ஒடிந்து ஆபரேஷன் முடிந்து வந்தவங்களுக்குப் பிரண்டைத் துவையல் தாராளமா அரைச்சுக் கொடுங்க. அதோடு டாக்டரிடம் எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுக்கணுமா, எலும்புப்புரைக்கு மருந்து வேண்டுமா என்று வாயைத் திறந்து கேளுங்க. கம்பி வைத்து அனுப்பும்போது பல இடத்தில் இதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை.