கடைசி எபிசோடில் மட்டும் என்ன அவசரம்?

வருடக்கணக்கில் இழுத்த தமிழ் டிவி தொடர், கடைசி அரை மணி நேரத்தில் வில்லி திடீரென்று திருந்தி, மருமகள் காலில் விழுந்து, எல்லாரும் கோயிலில் வரிசையாக நின்று சிரிக்க, சுபம்! கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் அம்மா ஒரு நாள் விடாமல் பார்த்தார், கதையில் காணாமல் போன மூத்த மகன் என்ன ஆனான் என்று யாருமே சொல்லவில்லை, அன்றைக்கு அவருக்குச் சோறே இறங்கவில்லை. வயிறு எரிகிறது. 2019-இல் 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' என்ற ஆங்கிலத் தொடரின் கடைசி சீசனை ஆறே எபிசோடில் ஓட்டி முடித்ததும் இதே லட்சணம்தான்.

2013-இல் முடிந்த இன்னொரு ஆங்கிலத் தொடர் 'பிரேக்கிங் பேட்' ஏன் இன்னும் மனசில் நிற்கிறது? குடும்பத்துக்காக, குடும்பத்துக்காக என்றே சொல்லிப் போதைப்பொருள் தயாரித்துக்கொண்டிருந்த கதாநாயகன் வால்டர், கடைசியில் மனைவியிடம், எல்லாம் எனக்காகத்தான் செய்தேன் என்று ஒப்புக்கொள்கிறான். அப்படி ஒரு காட்சி போதுமே! நம் தொடர்களில் கதையை ஒழுங்காக முடிக்க நேரமில்லை என்றால், நடுவில் அத்தனை வாரம் எங்களை மருத்துவமனை வராந்தாவிலேயே நிற்க வைத்தது எதற்கு?