வெள்ளையாக விட்டால் நோய் இல்லையென்று அர்த்தமா?

மூன்று மாதமாக அதே படம். திருகோணமலை மாவட்டத்தின் 11 பிரதேச செயலகப் பிரிவுகளுக்கும் நிறம் தீட்டி, 'டெங்கு நோயாளர் பரம்பல்' என்று தலைப்புப் போட்டு, கூட்டத்துக்குக் கூட்டம் திரையில் காட்டுகிறார்கள். வாட்ஸ்அப்பிலும் அதுதான் சுற்றுகிறது. பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

திருகோணமலை நகரம் இருக்கும் 'பட்டினமும் சூழலும்' பிரிவு கடுஞ்சிவப்பு. வெருகல், பதவிசிறிபுர எல்லாம் வெளிறல். பட்டினத்தில் சனம் அதிகம், மற்றதுகளில் குறைவு. அந்தப் படம் சொல்வது அவ்வளவுதான்! நோயாளர் எண்ணிக்கையை அப்படியே நிறமாக்கினால், டெங்குக்குப் பதிலாகச் சைக்கிள் வைத்திருப்போரைக் கீறினாலும் கிட்டத்தட்ட இதே படம்தான் வரும்.

ஒரு பேச்சுக்கு, 100,000 பேர் வாழும் பிரிவில் 100 நோயாளர், 10,000 பேர் வாழும் பிரிவில் 40 நோயாளர் என்று வைப்போம். முதலாவதில் ஆயிரம் பேருக்கு ஒருவர், இரண்டாவதில் நால்வர். நாலு மடங்கு மோசமான இடம் வெளிறிய நிறத்தில் கிடக்கும், புகை அடிக்கிற வாகனம் சிவப்பைத் தேடிப் போகும். பிரிவு பிரிவாக நிறம் தீட்டி நிழற்றிக் காட்டுவதென்றால், இத்தனை பேருக்கு இத்தனை என்ற விகிதம் வேண்டும் என்று உயர்தரப் பிள்ளைகளுக்கு வருடா வருடம் படிப்பிக்கிறேன். 1826இல் பிரான்சில் சாள்ஸ் டூபின் கல்வி நிலையை இப்படி நிழற்றிக் காட்டினார். அவர்கூட பள்ளி செல்லும் ஒரு ஆண் பிள்ளைக்கு எத்தனை பேர் என்றுதான் கணக்கெடுத்தார். அது ஏறத்தாழ இருநூறு வருடத்துக்கு முந்திய கதை. நம்மிடம் கணினி இருக்கிறது, ஒரு வகுத்தல் கணக்குச் செய்ய மனமில்லை.

எண்ணிக்கையைத்தான் காட்ட வேண்டுமா, சரி, நோயாளர் இருக்கும் இடத்தில் புள்ளி வையுங்கள். 1854இல் லண்டனில் கொலராவில் செத்தவர்களை மருத்துவர் ஜோன் ஸ்னோ வீடு வீடாகக் குறித்த படத்தில், புரோட் வீதித் தண்ணீர்ப் பம்பைச் சுற்றிச் சாவுகள் குவிந்திருப்பது கண்ணுக்குத் தெரிகிறது. இங்கே குச்சவெளிப் பிரிவைப் பாருங்கள். நிலாவெளியிலிருந்து புல்மோட்டை வரை ஏறத்தாழ 40 கிலோமீற்றர், முழுவதற்கும் ஒரே நிறம். காட்டுக்கும் குளத்துக்கும் சேர்த்து டெங்கு!

இதைச் சொன்னதற்குப் போன மாதம் ஒருமுறை மட்டும், நிறத்துக்குப் பதிலாக நோயாளர் எண்ணிக்கைக்கு ஏற்ற அளவில் பிரிவுக்குப் பிரிவு வட்டம் போட்டுக் கொண்டுவந்தார்கள். நோயாளர் இரண்டு மடங்கு என்றதும் விட்டத்தை இரண்டு மடங்காக்கிவிட்டார்கள். அப்போது பரப்பு நாலு மடங்காகிவிடும், கண் பார்ப்பது பரப்பைத்தான். திருத்தச் சொன்னேன். "படம் வடிவாத்தானே கிடக்கு, சேர்" என்றார் அந்த அலுவலர். இந்த மாதம் மறுபடியும் பழைய சிவப்பு.

எல்லாவற்றையும்விட ஆத்திரம் அந்த வெள்ளைக்குத்தான். ஒரு பிரிவின் தரவு இந்த மாதம் வந்து சேரவில்லை. வராத இடத்துக்குக் கோடு கீறி, எந்த நிறத்துக்கு என்ன பொருள் என்று சொல்லும் குறிவிளக்கத்தில் 'தரவு இல்லை' என்று ஒரு வரி போட்டிருக்கலாம். வெள்ளையாக விட்டுவிட்டார்கள். குறிவிளக்கத்தில் வெள்ளைக்கு நேரே இருப்பது பூச்சியம். "இந்தப் பக்கம் பிரச்சினை இல்லை" என்று சொல்லி அடுத்த பிரிவுக்குப் போய்விட்டார்கள். என் அக்கா இருப்பது அந்த வெள்ளைக்குள்தான். அவளுடைய சின்னவன் டெங்குக் காய்ச்சலில் வார்ட்டில் கிடக்க, பக்கத்துக் கட்டிலிலும் அதே ஊர்ப் பிள்ளை. கூட்டம் முடிந்து நேரே அங்கேதான் போனேன். "எங்கட பக்கம் மருந்தடிக்க எப்ப வருவாங்களாம்?" என்று அக்கா கேட்டாள்.