ஹெகெஸோவின் பெயர்

"பழங்காலக் கிரேக்கத்து ஏதென்ஸ்காரர்கள் ஊருக்கே அதீனா தேவியின் பெயரை வைத்துக் கும்பிட்டவர்கள். பெண்ணை மதிக்காமலா இருந்திருப்பார்கள்?" என்று அடிக்கடி கேட்கிறார்கள். இந்தப் பேச்சைக் கேட்டால் எனக்குக் கோபம்தான் வருகிறது. சாமிக்குப் பெயர் இருந்தது, சரி. வீட்டில் இருந்தவளுக்கு?

அங்கே நீதிமன்றத்தில் பேசுகிறவர்கள், உயிரோடு இருக்கும் கௌரவமான வீட்டுப் பெண்ணின் பெயரைச் சொல்வதைத் தவிர்ப்பார்கள். இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய், அவ்வளவுதான். செத்துப்போனவள் என்றால் பெயர் சொல்லலாம். எதிராளியின் வீட்டுப் பெண்ணை அவமானப்படுத்த வேண்டுமென்றாலும் சொல்லலாம். ஒரு பெயரை உச்சரிப்பதையே வசவாக ஆக்கி வைத்திருந்தார்கள்!

அப்பா, கணவன், மகன் என்று யாராவது ஓர் ஆண் அவளுக்குப் பொறுப்பாளன். ஒரு மெடிம்னோஸ், அதாவது சுமார் 50 லிட்டர் வாற்கோதுமையின் மதிப்புக்கு மேல் அவளாகக் கொடுக்கல் வாங்கல் செய்யச் சட்டம் விடவில்லை. பதினான்கு, பதினைந்து வயதில் கல்யாணம். ஆண் வாரிசில்லாமல் அப்பா இறந்தால், சொத்து குடும்பத்தை விட்டுப் போகக்கூடாதென்று சித்தப்பா பெரியப்பாவுக்கே அவளைக் கட்டிவைக்கலாம்.

கி.மு. 431 வசந்தத்தில் நாடகாசிரியர் யூரிப்பிடிஸின் 'மெடியா' நாடகம் அங்கே மேடையேறியது. ஒரு தடவை பிள்ளை பெறுவதைவிட மூன்று தடவை கேடயத்தோடு போர்க்களத்தில் நிற்பேன் என்கிறாள் அதன் நாயகி மெடியா. அந்த வரியைப் பேசியதும் முகமூடி போட்ட ஓர் ஆண்தான். அப்புறம் அதே ஆண்டு குளிர்காலத்தில், போரில் இறந்தவர்களை அடக்கம் செய்தபோது, கைம்பெண்களைப் பார்த்து ஏதென்ஸின் தலைவர் பெரிக்ளிஸ் சொன்னதாக வரலாற்றாசிரியர் தூசிடிடிஸ் எழுதியிருப்பது: நல்லதோ கெட்டதோ, ஆண்கள் வாயில் உங்கள் பேச்சு எவ்வளவு குறைவாக அடிபடுகிறதோ அவ்வளவு பெருமை. புருஷனைப் பறிகொடுத்து நிற்பவளிடம் பேசுகிற பேச்சா இது?

ஏதென்ஸ் தேசிய தொல்லியல் அருங்காட்சியகத்தில் ஒரு கல்லறைக் கல் இருக்கிறது. கி.மு. 5ஆம் நூற்றாண்டின் கடைசியில் செதுக்கியது. நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள் ஒரு நகையை எடுத்துப் பார்க்கிறாள். நகையைச் செதுக்காமல் வண்ணத்தில் தீட்டியிருந்தார்கள். வண்ணம் அழிந்துவிட்டதால், இன்று அவள் தன் வெறும் விரல்களைக் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள். மேலே 'ஹெகெஸோ, ப்ரொக்ஸெனோஸின் மகள்' என்று பொறித்திருக்கிறது. செத்த பிறகு ஊரறிய வாய்த்த பெயர்.

அவளுக்கு எதிரே நகைப்பெட்டியை ஏந்தியபடி ஒரு பணிப்பெண் நிற்கிறாள். கல்லில் அவளுக்குப் பெயரே இல்லை.